கோடு விழுந்த இடம்

என் அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவி தொலைந்த பூட்டை யாராவது பட்டறைக்குக் கொண்டுவந்தால் உடனே கையில் வாங்க மாட்டார். "எங்க தொங்கிக்கிட்டிருந்துச்சு?" என்று முதலில் கேட்பார். வாசல் கதவிலா, பெட்டியிலா, கோயில் உண்டியலிலா, மழைச் சாரல் படுகிற இடமா, கடைசியாகத் திறந்தது யார், எப்போது என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பூட்டு அவர் மடிக்கு வரும்.

நல்லாம்பட்டியில் எங்கள் பட்டறை. திண்டுக்கல்லைச் சுற்றி இருக்கிற ஊர்களில் பாதிக்கு அந்தக் காலத்தில் அரம் உரசும் சத்தம்தான் கோழி கூவுகிற சத்தம். அப்பா பல் வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி ஏற்றுவார். பூட்டுக்குள் விட்டு, குழந்தையின் காதைத் திருகுவதுபோல லேசாகத் திருப்புவார். வெளியே எடுத்தால் கரியின் மேல் மயிரிழைபோல இரண்டு மூன்று கோடுகள் தெரியும். உள்ளே இருக்கிற லீவர்கள் உரசிய தடம் அது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி கரி, மறுபடி கோடு. எட்டு லீவர் பூட்டு என்றால் அரை நாள் போய்விடும். எனக்குப் பொறுமை இருக்காது. "போன வாரம் இதே மாதிரிப் பூட்டு வந்துச்சுல்லப்பா, அந்தச் சாவியப் பாத்து வெட்டிரலாமே" என்பேன். அவர் சொல்வார்: "கோடு விழுந்த எடத்துல ராவு. விழாத எடத்துக்கு அரத்தக் கொண்டு போகாத. கூடுதலா ராவுனத ஒட்ட வைக்க முடியாது."

எனக்கு இப்போது வயது 74. அந்த வார்த்தை என் கைக்குப் போய்ச் சேர்ந்தது பதினைந்து வயதில். மனசுக்குள் போய்ச் சேர எழுபது தாண்ட வேண்டியிருந்தது. அதற்கும் காரணம் பூட்டு அல்ல, எலும்பு.

என் பேத்தி திருச்சியில் நிலவியல் படிக்கிறாள். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை மேல் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இதுக்குள்ள டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று கேட்டவள். இருக்கும் என்று சொல்லிவைத்தேன், பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே என்னைத் திருத்தினாள். எங்கள் ஊர்ப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து இறுகி மேலே வந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் எலும்பு ஏது, சிப்பி ஏது. எலும்பு கல்லாக வேண்டுமென்றால் வண்டல் வேண்டும். செத்த உடம்பை ஆறோ கடலோ சீக்கிரமாக மண்ணால் மூட வேண்டும். "அதுக்கு அரியலூர் போகணும் தாத்தா" என்றாள். போனோம். திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் திருச்சி வழியாக நேராக அரியலூர்.

அரியலூரைச் சிமெண்டுக்காகவே தெரிந்து வைத்திருந்தேன். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் அங்கே இருந்த கடலில் படிந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அம்மோனைட்டு என்ற பழைய கடல் பிராணியின் ஓடுகளைச் சுருள் சுருளாக வைத்திருக்கிறார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் கண்டறிந்தது. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, பேத்தி என்னைக் கல்லமேடு என்ற ஊர்ப் பக்கம் கூட்டிப்போனாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. காடு, கரம்பு, முள். வெயிலில் நின்றுகொண்டே அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி என்ற இருவர் அந்த மண்ணிலிருந்து பெரிய எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். இடுப்பெலும்பின் ஒரு பகுதி, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு ஒன்று, வாலின் முள்ளெலும்பு. அவ்வளவுதான். அந்தக் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம். நான் கையை உயர்த்தி நின்றால் எட்டுகிற உயரம். 1987இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள்: பிருஹத்காயோசாரஸ் மட்லேயி. பிருஹத் காயம் என்றால் பேருடம்பு. இந்தியாவில் டைனோசர் எலும்புகளைத் தோண்டிய மட்லி என்ற ஆங்கிலேயரின் நினைவாகப் பின்பாதி. எந்த இனம் என்று எழுதினார்கள் தெரியுமா? ஊன் தின்னி என்று. அப்படியானால் உலகத்தில் அதுவரை கண்ட எந்த ஊன் தின்னியையும்விடப் பெரியது நம் காவிரிக் கரையோரம் நடமாடியிருக்கிறது என்று அர்த்தம்.

பின்னால் வந்தவர்கள் அந்த அளவுகளையும் படங்களையும் பார்த்துவிட்டு, இது ஊன் தின்னி இல்லை என்றார்கள். நீளக் கழுத்தும் நீள வாலுமாக, நாள் முழுக்கத் தழை மேய்ந்த ஒரு பிராணி. உடல் எடை நூறு டன்னுக்கு மேல் இருக்கலாம் என்று இப்போது கணக்கிடுகிறார்கள். சிலர் அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சந்தேகத்தைத் தீர்க்க எலும்பை எடுத்துக் காட்ட வேண்டுமே? அங்கேதான் துக்கம். அந்தக் களிமண் மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். எலும்புகள் ஏற்கெனவே நொறுங்கும் பதத்தில் இருந்தன. சாக்கும் சாந்தும் வைத்துக் கட்டு போட்டும், அலுவலகம் போய்ச் சேருமுன்பே கட்டுக்குள்ளேயே உதிர்ந்துபோயின. இன்று ஒரு துண்டுகூட இல்லை. 2022இல் அந்தக் காலத்துப் புகைப்படங்கள் சிலவற்றை வெளியிட்டார்கள்; அவற்றைப் பார்த்த பிறகு மரம் என்ற பேச்சு அடங்கியது.

அந்த இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அளந்தார்கள், வரைந்தார்கள், அச்சில் போட்டார்கள். அதனால்தான் இன்னொருவரால் திருத்த முடிந்தது. எழுதி வைக்காமல் வாயால் மட்டும் சொல்லியிருந்தால், அது கல்லமேட்டு ராட்சசன் என்று கதையாகவே நின்றிருக்கும்.

ஊன் தின்னி என்று பெயர் வாங்கிய தழை தின்னி. அந்தக் கரம்பில் நின்றபோது எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது.

1988இல் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். பட்டறையும் அப்பாவும் அண்ணன் பொறுப்பில். மூன்று வருடம் கழித்து அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு கிரயப் பத்திர நகல் கிடந்தது. பட்டறைக்குப் பின்னாலிருந்த நாலு சென்ட் இடத்தை அப்பா விற்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்து இல்லை. இடது பெருவிரல் ரேகை இருந்தது. அப்பா அழகாகக் கையெழுத்துப் போடுகிறவர், பூட்டுகளில் எழுத்துப் பொறித்த கை அது. இடம் விற்ற அதே வருடம்தான் அண்ணன் தன் வீட்டுக் கீற்றை இறக்கிவிட்டு ஓட்டுக் கூரை போட்டிருந்தார்.

விற்ற பத்திரம், ரேகை, கூரை. மூன்றே மூன்று. அந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு முழு மிருகத்தை நான் கட்டி எழுப்பினேன். பல் வைத்தேன், நகம் வைத்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன் விரலைப் பிடித்து மையில் அழுத்தினவன் என்று வீதியில் நின்று சொன்னேன். அண்ணன் பதில் பேசவில்லை. பேசாததை நாலாவது எலும்பாகச் சேர்த்துக்கொண்டேன். 2016இல் அவர் சாகும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இருபத்தைந்து வருடம். சாவுக்குப் போனேன், பந்தலின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அரியலூருக்குப் பிறகு பேத்தி கல்லூரியில் இருந்து குஜராத் போய்வந்தாள். அங்கே ரையோலி என்று ஓர் ஊர், பாலாசினோர் பக்கம். வந்ததும் இரண்டு நாள் அதே பேச்சு. அது உண்மையிலேயே ஊன் தின்னியின் கதை. கேட்கக் கேட்க எனக்கு அப்பாவின் பட்டறை திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது.

1981இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜி. என். திவிவேதியும் டி. எம். மொகாபேயும் அங்கே ஒரு சிமெண்டுச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலையாக இருந்திருக்கிறார்கள். குவாரித் தொழிலாளர்கள் உருண்டை உருண்டையாகச் சில கற்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். டைனோசர் முட்டைகள் அவை. அந்தப் பக்கமே முட்டையும் எலும்புமாகக் கிடந்திருக்கிறது. (இந்த இடத்தில் நம் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தைச் சொல்ல வேண்டும். 2020இல் அங்கே குளம் தோண்டும்போது உருண்டைக் கற்கள் வந்து, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் செல்பேசியில் படம் பறந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்தால் இரண்டும் உருண்டைதான்.)

அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா என்ற நிலவியலாளர் ரையோலியில் தோண்டினார். இவரைப் பற்றிப் பேத்தி சொன்னபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரே பிராணியின் எலும்பு மட்டும் கிடக்கவில்லை. தழை தின்னியும் ஊன் தின்னியும் கலந்து, பல உடம்புகள் சிதறிக் கிடந்தன. கல்யாண வீட்டு வாசலில் செருப்புக் குவிந்து கிடக்குமே, அப்படி. அவசரக்காரன் என்றால் எல்லாவற்றையும் சாக்கில் வாரிக் கட்டியிருப்பான். அவரோ எந்த எலும்பு எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில், எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று வரைபடம் போட்டார். இது என்ன பிராணி என்ற முடிவுக்கு யாரும் வருவதற்கு முன்னால் போட்ட படம். எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று அப்பா கேட்ட அதே கேள்வி!

எலும்புகள் ஜெய்ப்பூர் அலுவலகத்துக்குப் போயின. அங்கே பல ஆண்டுகள் இருந்தன. 2001இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்து அசோக் சாஹ்னி, சிகாகோவிலிருந்து பால் செரினோ, மிச்சிகனிலிருந்து ஜெஃப் வில்சன் ஆகியோர் ஸ்ரீவாஸ்தவாவோடு உட்கார்ந்து எலும்புகளையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூளைப்பெட்டி, முதுகு முள்ளெலும்புகள், இடுப்பு, பின்னங்கால்கள், வால். படத்தில் அருகருகே கிடந்தவை ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்று கூடி வந்தன. 2003 ஆகஸ்டில் உலகத்துக்கு அறிவித்தார்கள்: ராஜாசாரஸ் நர்மதென்சிஸ், நர்மதையின் அரசப் பல்லி. சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. நெற்றியில் குட்டையாக, மழுங்கலாக ஒரே ஒரு கொம்பு.

தாடையும் முன்னங்கால்களும் அந்த உடம்போடு கிடைக்கவில்லை. பிறகு எப்படி முழு உருவம் செய்தார்கள்? மடகாஸ்கரில் மஜூங்கசாரஸ் என்று ஒன்று, அர்ஜென்டினாவில் கார்னோடாரஸ் என்று ஒன்று, இரண்டும் இதற்குச் சொந்தக்காரர்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்ததால் அந்தச் சொந்தம். பங்காளி முகத்தைப் பார்த்து, இல்லாத பாகத்தை நிரப்பினார்கள். ஆனால் எது மண்ணிலிருந்து வந்தது, எது பங்காளியிடம் கடன் வாங்கியது என்பது ஆய்வில் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. நல்ல அருங்காட்சியகங்களில் நிரப்பிய பாகத்துக்கு வேறு நிறம் கொடுப்பது உண்டாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் ஒரு தனி மரியாதை பிறந்தது.

அதிலும் மாற்றம் வந்தது. நீளம் ஒன்பது மீட்டர்வரை இருக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். பின்னால் வேறு ஆய்வாளர்கள் சொந்தக்காரப் பிராணிகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு 6.6 மீட்டர் என்றார்கள். ராஜா கொஞ்சம் சுருங்கினார். யாருக்கும் கௌரவக் குறைச்சல் ஆகவில்லை. இங்கிலாந்தில் மாண்டெல் என்ற மருத்துவர் இகுவானோடான் என்ற பிராணியின் எலும்புகளில் ஒரு கூரிய முள்ளைக் கண்டு, அதை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார். 1854இல் லண்டனில் அப்படியே சிலையும் செய்து வைத்தார்கள். 1878இல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் தெரிந்தது, அது கையின் கட்டைவிரல். சிலையை உடைக்கவில்லை. மூக்குக் கொம்போடு இன்றும் நிற்கிறது. தப்பு என்று எழுதிப் பக்கத்திலேயே வைத்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள்.

நான் வீதியில் நின்று சொன்னதற்குப் பக்கத்தில் அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை.

அரியலூர் போவதற்கு முந்தைய வருடம் அண்ணி வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய கணக்கு நோட்டைக் கண்டெடுத்து, பேரன் கையில் எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் அதைப் பிரிக்கவே இல்லை. பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். இனி என்ன இருக்கிறது என்ற வீம்புதான். ராஜாசாரஸ் கதையைப் பேத்தி சொல்லி முடித்த அன்று ராத்திரி அதை வெளியே எடுத்தேன்.

பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. பிரிக்கப் பிரிக்கத் தூளாக உதிர்ந்தது. "பொறு தாத்தா" என்று பேத்தி தடுத்தாள். கீழே வெள்ளைத் துணி விரித்து, கத்தி முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பிரிக்கும் முன்பும் பின்பும் செல்பேசியில் படம் எடுத்தாள். படிக்கக் கிடைத்தவை பதினொரு பக்கங்கள். அண்ணனின் கையெழுத்து. 1989ஆம் வருடம். நாள் போட்டு, மருந்து இவ்வளவு, மதுரை போய்வந்த பஸ் செலவு இவ்வளவு, மாட்டு வண்டி வாடகை இவ்வளவு. ஒரு பக்கத்தில் மட்டும் கணக்குக்கு நடுவே ஒரு வரி: அப்பாவால் இன்றைக்கு அரம் பிடிக்க முடியவில்லை, கை ஆடுகிறது.

கை ஆடியிருக்கிறது. பேனா எங்கே பிடித்திருப்பார். நான் அப்போது கோயம்புத்தூரில் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், பதில் ஏன் அண்ணன் கையெழுத்தில் வருகிறது என்று ஒருநாளும் யோசிக்காமல்.

அண்ணன் தெய்வம் என்று இப்போது சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பழைய தப்பையே வேறு பக்கமாகச் செய்கிறேன் என்று ஆகும். இடம் என்ன விலைக்குப் போனது, மருந்துக்கு மொத்தம் எவ்வளவு ஆனது, மிச்சம் இருந்ததா என்று சொல்லும் பக்கங்கள் கரையான் வயிற்றில் போய்விட்டன. கேட்டால் சொல்லக்கூடிய வாய் 2016இல் மூடிவிட்டது. இருபத்தைந்து வருடம் அந்த மனுஷர் உயிரோடு இருந்தார். மழை வருமுன் தோண்டாமல் நான் விட்டுவிட்டேன்.

பேத்தி என்னை ஒரு காரியம் செய்யச் சொன்னாள். ஒரு முழு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டேன். என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, அதிலிருந்து நிச்சயமாகத் தெரிவது என்ன. பத்திரம்: அப்பாவின் பெட்டியில், இடம் விற்கப்பட்டது. ரேகை: பத்திரத்தில், அதே வருடத்து நோட்டில் கை ஆடியதாகக் குறிப்பு. நோட்டு: அண்ணியின் பரணில், பதினொரு பக்கம். அண்ணனின் மௌனம் என்று எழுதி, நிச்சயமாகத் தெரிவது என்ற கட்டத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்திருந்தேன். ஒன்றும் எழுத முடியவில்லை. கூரை என்று எழுதினேன். அதற்கும் கட்டம் காலி. அந்தத் தாளை நோட்டோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். என் பிள்ளைகளுக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லியாயிற்று.

மறுநாள் காலையில் அண்ணி வீட்டுக்குப் போனேன். வீதியில் நின்று நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை எடுத்துச் சொல்லி, அது எனக்குத் தெரிந்து சொன்னது இல்லை அண்ணி, நானாகச் சேர்த்துச் சொன்னது என்றேன். அண்ணிக்கு எண்பதை நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும், கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுப் போங்க தம்பி" என்றார். கூரையைப் பற்றி நான் கேட்கவில்லை.

கீரைக் குழம்பும் அப்பளமும். அந்தக் கூரைக்குக் கீழே முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டேன். வடக்கு ஓரத்தில் இரண்டு ஓடு விலகி, வெயில் காசு காசாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் கூட்டிவந்து மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.